முதல் முறை இந்தியச் சாப்பாடு: கறியா, தோசையா?

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். பக்கத்து மேசைக்காரர், "நான் இந்தியச் சாப்பாடே சாப்பிட்டதில்லை, ஒருநாள் கூட்டிக்கொண்டு போயேன்" என்பார். கையெட்டும் தூரத்தில் ஒரு வட இந்திய உணவகம் இருக்கும். கொஞ்சம் அலைந்தால் தோசை போடுகிற கடையும் கிடைக்கும். எனக்கு இரண்டு தோழிகள் இப்படிக் கேட்டார்கள். ஒருவரை முதலாவதுக்கும் இன்னொருவரை இரண்டாவதுக்கும் அழைத்துப் போனேன். இனி யார் கேட்டாலும் தோசைக் கடைதான்.

வட இந்திய உணவகத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். பட்டர் சிக்கன், நான், சமோசா என்று அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர்கள் அங்கே இருக்கும். நாலு பேர் போனால் நாலு வகை வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். தோசைக் கடையில் ஆளுக்கொரு தட்டு என்பதால் அந்தக் கூட்டாஞ்சோற்று மகிழ்ச்சி குறைவு. மதிய பஃபேயைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே தட்டில் நாலு குழம்பும் ஒன்றோடொன்று கலந்து எது எந்த ருசி என்றே தெரியாமல் போகும், நான் ரொட்டியும் ஆறி ரப்பராகிவிடும்.

எனக்கு இதையெல்லாம் தாண்டி ஒரே ஒரு விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. காரம் யார் கையில் இருக்கிறது?

முதல் தோழிக்கு 'ஆலு' என்றால் உருளைக்கிழங்கு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். மெனுவில் 'விண்டாலு'வைப் பார்த்ததும் கிழங்குக் கறி என்று நினைத்துச் சொல்லிவிட்டார். நான் கவனிக்கவில்லை. அந்தப் பெயருக்கும் கிழங்குக்கும் சம்பந்தமில்லை. ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைக்கும் போர்த்துகீசிய இறைச்சி உணவின் பெயர் கோவாவில் திரிந்து அப்படி ஆனது. வெளிநாட்டு உணவகங்களில் அது மெனுவிலேயே அதிகக் காரமான வரிசையில் இருக்கும். இரண்டாவது வாயிலேயே கண்ணீர் வந்துவிட்டது. தண்ணீரைக் குடிக்கக் குடிக்க எரிச்சல் அடங்கவில்லை. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ராய்த்தாவை வரவழைத்த பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க விட்டது என் தவறு, அந்த உணவகத்தின் தவறல்ல.

ஆனால் அன்றைக்குப் புரிந்தது இது: கறியில் காரம் சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. 'மைல்ட்' என்று சொல்லலாம், குறைத்தும் தருவார்கள். ஆனால் ஒரு கடையின் மைல்ட் இன்னொரு கடையில் மீடியம். மேசைக்கு வந்த பிறகு குழம்பிலிருந்து மிளகாயைப் பிரித்தெடுக்க முடியாது.

தோசையில் நிலைமை தலைகீழ். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளித்த மாவு, அதில் காரமே கிடையாது. காரமெல்லாம் சுற்றியிருக்கும் கிண்ணங்களில்தான். இரண்டாவது தோழிக்கு நெய் ரோஸ்ட் சொன்னேன். முதலில் வெறும் முறுகல் ஓரத்தைப் பிய்த்துத் தின்றார். அடுத்தது தேங்காய்ச் சட்னி, பிறகு சாம்பாரில் ஒரு முனை. தக்காளிச் சட்னியை விரல்நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். கால் மணி நேரம் கழித்து அவராகவே அதை இழுத்துக்கொண்டார். எவ்வளவு, எப்போது என்பதை நான் சொல்லவில்லை, சமையல்காரரும் சொல்லவில்லை. புதுச் சாப்பாட்டின் முன் உட்காரும் ஒருவருக்கு இந்தச் சுதந்திரத்தைவிட வேறென்ன வேண்டும்?

விதிவிலக்கு உண்டு. மைசூர் மசாலா தோசையில் மிளகாய்ச் சட்னியை உள்ளேயே தடவிவிடுவார்கள். முதல் நாள் வேண்டாம். பொங்கல் சாதுவாகத் தெரியும், ஆனால் முழு மிளகு மறைந்திருக்கும். ரசத்தையும் தள்ளிப்போடலாம்.

ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். குருமா போன்ற கறிகளில் முந்திரி விழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்களுக்குச் சாதா தோசை நல்லது, ரவா தோசை ஆகாது. சாம்பாரையும் விசாரிக்க வேண்டும், கடைகளில் கிடைக்கும் தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். பால் ஆகாதவர்களுக்கு நெய் ரோஸ்ட் வேண்டாம், எண்ணெயில் சுடச் சொல்லிவிடலாம்.

என் அனுபவம் இரண்டே பேரோடு முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போனதில்லை. மாவின் புளிப்பும் சாம்பாரின் புளியும் எல்லோருக்கும் பிடிக்குமா என்பதும் சந்தேகம்தான். இறைச்சி இல்லாமல் சாப்பாடே இறங்காது என்பவருக்குத் தோசைக் கடை ஏமாற்றமாகலாம். அவரை வட இந்திய உணவகத்துக்கே அழைத்துப் போய், குழம்பை விட்டுவிட்டுத் தந்தூரி சிக்கனும் நான் ரொட்டியும் வாங்கிக் கொடுப்பேன். புதினாச் சட்னி தனிக் கிண்ணத்தில் வரும்.