மூன்று புரி நைலான் கயிறு: மிதவையில் படகைக் கட்டுவதற்கு

சிறு பாய்மரப் படகை மிதவையில் கட்ட இதைவிட நல்ல கயிறு இல்லை. அலை இழுக்கும்போது நீண்டு கொடுப்பதால் வெட்டியிழுப்பு படகின் கட்டுக்குமிழில் இறங்காது. பாய் ஏற்றும் கயிற்றுக்கு மட்டும் இது ஆகாது. அதற்கு அதிகம் நீளாத பாலியஸ்டர் வேண்டும்.

நனைந்த நைலான் 10 முதல் 15 சதவீதம் வரை வலு இழக்கும். ஆகவே ஒரு அளவு தடிமனாகவே வாங்குங்கள்.

பெரிய எதிரி உராய்வு. முகப்பு விளிம்பில் உரசும் இடத்துக்குத் தோல் அல்லது கான்வாஸ் உறை போடுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். உள்ளே தண்ணீர் புகாமல் சூடேறி, புயல் இரவில் இழைகள் உருகிவிடும்.

முனையில் முடிச்சு போட்டால் பாதி வலு வரை போகும். இரும்பு வளையம் வைத்து, புரிகளைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே குறைந்தது 5 சுற்று பின்னிக் கண்ணி போடுங்கள். கண்ணியை மிதவையோடு இணைக்கும் U வடிவக் கொளுவியான ஷேக்கிளின் ஆணியைக் கம்பியால் கட்டுங்கள், இல்லையென்றால் அது தானாகக் கழலும்.