கார்போமரா, ஹெச்.இ.சி.யா? காரைக்குடி வெயிலைத் தாங்கும் உயவு ஜெல் எது

அழகுசாதனக் கெமிஸ்ட்ரியில் புதிதாக இறங்குகிறவர்கள் கிரீம், ஷாம்பு, ஃபேஸ்வாஷ் என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தரங்க உறுப்பில் வறட்சி நீங்க, வழுக்கலுக்காகப் போடும் உயவு ஜெல் (லூப்ரிகன்ட்) பக்கம் வரக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் தேவை எல்லா ஊரிலும் இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்கள், பாலூட்டுகிறவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் என்று வறட்சியால் அவதிப்படுகிற பெண்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். மருந்துக்கடையில் நாலு பேர் நிற்கும்போது வாய்விட்டுக் கேட்க முடியாமல், அடுப்படியில் இருக்கும் செக்குத் தேங்காயெண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர். இவர்களுக்கு எரியாத, கெடாத, கட்டுபடியாகிற ஒரு ஜெல் செய்வது நல்ல வேலை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு காரைக்குடியிலேயே சின்னதாக ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை எதுவாக இருக்க வேண்டும் என்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும். கனிம எண்ணெய் பட்ட ஆணுறை ஒரு நிமிடத்திலேயே வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது என்பது 1980களின் கடைசியிலேயே ஆய்வகத்தில் காட்டப்பட்டுவிட்டது. தேங்காயெண்ணெயும் இதில் விலக்கு இல்லை. சிலிக்கான் நல்ல பொருள்தான். தண்ணீரே இல்லாததால் கிருமி வளராது, கெடாமல் காக்கும் பொருள் (பதப்படுத்தி) தேவையில்லை, ஆணுறைக்கும் ஆபத்தில்லை. ஆனால் விலை அதிகம், தண்ணீரில் கழுவினால் போகாது, தரையில் சிந்தினால் வழுக்கி விழ நேரும். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் முழுக்க இருப்பது தண்ணீர் அடிப்படையில்தான். தப்பு நடக்க இடம் அதிகம் உள்ளதும் அங்கேதான்.

தண்ணீரை ஜெல்லாகத் திரள வைக்க ஒரு தூள் வேண்டும். அதில் புதியவர்கள் கை முதலில் போவது கார்போமர் பக்கம். கொரோனா காலத்தில் சானிடைசர் ஜெல் செய்து பழகியவர்கள் நிறையப் பேர். அரை சதவீதத்துக்கும் குறைவாகப் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கண்ணெதிரே கண்ணாடி மாதிரி திரண்டு நிற்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், செலவும் குறைவு. அந்த அழகில் மயங்கிவிடக் கூடாது.

பெண்ணுறுப்பின் இயல்பான பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அங்கே போடும் ஜெல்லும் அதற்குள் இருப்பதுதான் நல்லது. கார்போமர் அமிலத்தன்மையுள்ள பாலிமர், அதாவது நீண்ட சங்கிலிபோன்ற மூலக்கூறு. நடுநிலையாக்கினால்தான் அதன் சங்கிலிகள் விரிந்து தண்ணீரைப் பிடிக்கும். பி.ஹெச். 5-க்குக் கீழே இறங்கினால் சங்கிலி சுருளும், ஜெல் இளகும். உப்பும் அதற்கு ஆகாது. பதப்படுத்தியான சோடியம் பென்சோயேட்டோ, லாக்டிக் அமிலத்தின் உப்பான சோடியம் லாக்டேட்டோ சேர்த்தால் இன்னும் தண்ணீராகிவிடும். இளகுகிறதே என்று காரத்தைக் கூட்டினால் ஜெல் திரளும், பி.ஹெச். ஆறைத் தாண்டும். அப்போது பெண்ணுறுப்புக்கு அது பொருத்தமில்லாத பொருளாகிவிடுகிறது.

ஹெச்.இ.சி. என்கிற ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸுக்கு மின்சுமை கிடையாது. பி.ஹெச். 4 ஆனாலும் 7 ஆனாலும் அதற்குக் கவலையில்லை, உப்பையும் தாங்கும். 1 முதல் 1.5 சதவீதம் போதும். கார்போமர் போல பளிச்சென்று நிற்காது, கொஞ்சம் வழியும். ஆனால் விரலுக்கிடையே தேய்த்தால் வழுக்கல் நீண்ட நேரம் நிற்கும். தொந்தரவு கரைப்பதில் இருக்கிறது. தூளை நேராகத் தண்ணீரில் கொட்டினால் வெளியே ஈரமும் உள்ளே வறண்ட மாவுமாகக் கட்டி கட்டியாகிவிடும், எவ்வளவு கலக்கினாலும் உடையாது. முதலில் தூளைக் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். கிளிசரினில் அது கரையாது, மணல்போல் பிரிந்து நிற்கும். அந்தக் குழம்பைச் சுழலும் தண்ணீரில் மெல்ல ஊற்றினால், கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் கலக்கியைச் சுற்றியிருந்த சுழிக்குழி ஆழம் குறைந்து, மெல்ல மேடாகி மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு அவசரப்படாமல் இரவு முழுக்க மூடி வைத்துவிட வேண்டும்.

திரள வைக்கும் இன்னொரு பொருளான சாந்தன் கம்மைப் பற்றி ஒரு வரி போதும். கோழைபோல் நூல் நூலாக இழுபடும், காய்ந்தால் ஒட்டும். வேறு வழியில்லை என்றால் மட்டும்.

அடுத்தது ஈரம் காக்கும் பொருள். இங்கேதான் பெரும்பாலான ஜெல்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன. நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற உறவுக்கார ஆச்சி ஒருவரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது, "போட்ட அன்னைக்கு நல்லாத்தான் இருக்கு ஆச்சி, மறுநாள் எரியுதுங்கிறாங்க தம்பி. அது ஏன்னு பாத்துட்டு அப்புறம் செய்யி" என்றார்கள். காரணம் ஆஸ்மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்ற அளவு. மில்லி ஆஸ்மால் அதன் அலகு. கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் அள்ளிப் போட்டால் ஜெல் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் அது மென்சவ்வின் செல்களிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். செல்கள் சுருங்கி உரியும், எரிச்சல் வரும், தொற்றுக்கும் வழி திறக்கும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட அறிவுரையில் உகந்த அளவு கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மாலுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும், இப்போதைக்கு 1200 வரை ஏற்கலாம் என்றும் உள்ளது. கணக்கு போடத் தெரிந்தால் இது பள்ளிப் பாடம்தான். கிளிசரினின் மூலக்கூறு எடை 92. 100 கிராம் ஜெல்லில் 9.9 கிராம் கிளிசரின் மட்டும் இருந்தாலே 1200-ஐத் தொட்டுவிடும். புரொப்பிலீன் கிளைக்காலின் மூலக்கூறு எடை 76 என்பதால் அதற்கு 8.3 கிராமே போதும். எடைக்கு எடை பார்த்தால் கிளிசரின்தான் சாது. உப்புகளை இரண்டு மடங்காக எண்ண வேண்டும், ஏனென்றால் கரைந்ததும் இரண்டாகப் பிரியும். பதப்படுத்திகளான 0.4 சதவீத சோடியம் பென்சோயேட், 0.2 சதவீத பொட்டாசியம் சார்பேட், பி.ஹெச்.-ஐ இறக்கும் 0.2 சதவீத லாக்டிக் அமிலம் மூன்றும் சேர்ந்தே 110 வாக்கில் வந்துவிடும். பாலிமர் மூலக்கூறு பெரிது என்பதால் அதன் பங்கு கணக்கில் வராது. ஆக, 380-க்குள் நிற்க கிளிசரினுக்கு மிஞ்சுவது இரண்டேகால் சதவீதம்தான். ஹெச்.இ.சி. தூளைக் குழைக்க அது போதும் போதாததாக இருக்கும், ஆனாலும் அதற்குள்தான் முடிக்க வேண்டும். கணக்கு சரியா என்று உறுதிசெய்ய ஆஸ்மோமீட்டர் உள்ள ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ரத்தத்துக்கு இதே சோதனையைச் செய்கிற பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் அந்தக் கருவி இருக்கும்.

பதப்படுத்தியில் போட்டி பென்சோயேட்-சார்பேட் ஜோடிக்கும் ஃபீனாக்சி எத்தனாலுக்கும். முதல் ஜோடி அமிலத்தில் மட்டுமே வேலை செய்யும். பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது அமிலம் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் நிற்கும் பி.ஹெச்., 4.2 என்பதால் ஜெல்லை 4.2-இல் வைத்தால் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். ஆறில் வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. கார்போமர் ஜெல்லில் பென்சோயேட் போட்டு "பதப்படுத்தியாயிற்று" என்று நினைப்பது ஆபத்தான நம்பிக்கை. ஃபீனாக்சி எத்தனாலுக்குப் பி.ஹெச். பிரச்சினை இல்லை. ஆனால் பூஞ்சைக்கு எதிராகச் சற்றுப் பலவீனம், மென்சவ்வில் சுருக்கென்று உறுத்தலாம். ஐரோப்பிய விதியில் அதன் உச்சம் 1 சதவீதம்.

பென்சோயேட்டில் கவனிக்க ஒன்று உண்டு. லாக்டிக் அமிலத்தை அப்படியே ஊற்றினால் விழுந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில் திரண்டுவிடும். அது கரையாமல் பிரிந்த பென்சாயிக் அமிலம். அமிலத்தை நிறையத் தண்ணீரில் நீர்த்து, கலக்கிக்கொண்டே விட வேண்டும். வைட்டமின் சி எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது, பென்சோயேட்டோடு சேர்ந்து பென்சீன் உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது.

ஆக, இவை தனித்தனிப் பொருள்களின் போட்டியல்ல, இரண்டு கூட்டணிகளின் போட்டி. ஹெச்.இ.சி., லாக்டிக் அமிலம், பென்சோயேட்-சார்பேட் ஒரு பக்கம், பி.ஹெச். 4.2. கார்போமர், சோடியம் ஹைட்ராக்சைடு, ஃபீனாக்சி எத்தனால் மறுபக்கம், பி.ஹெச். 6. ஆசனவாய்ப் பயன்பாட்டுக்கு 5.5 முதல் 7 வரை உகந்தது என்பதால் இரண்டாவதற்கும் இடம் இருக்கிறது. வறட்சிக்காகப் பெண்களுக்குச் செய்வதென்றால் தயங்காமல் முதலாவதுதான்.

இனி அலமாரிச் சோதனை, அதாவது ஜெல் எத்தனை நாள் கெடாமல் நிற்கும் என்று பார்ப்பது. செட்டிநாட்டில் அறைவெப்பம் என்று எதைச் சொல்வது? கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வீட்டின் உள்ளறையில் சித்திரையிலும் ஜில்லென்று இருக்கும். அங்கே வைத்த பாட்டில் ஒரு வருடம் கெடவில்லை என்பதில் பெரிய நிரூபணம் இல்லை. உங்கள் ஜெல் விற்கப்போவது தகரக் கூரைக்குக் கீழே உள்ள கடையில், அதற்கு முன் வெயிலில் நிற்கும் பார்சல் வண்டியில். மாதிரிகளை 45 டிகிரி ஆய்வக அடுப்பில் (ஓவன்) மூன்று மாதம், குளிர்பெட்டியில், உள்ளறையில், ஜன்னல் வெயிலில் என்று பிரித்து வையுங்கள். மருந்துத் துறையின் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், ஆறு மாதம் என்ற முறை இன்னும் நம்பகமானது, ஆனால் அதற்கு ஈரப்பதப் பெட்டி வேண்டும். தொடக்கத்தில் 45 டிகிரி போதும். மின்தடை நேரத்தில் அடுப்பு ஆறியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

வெயிலில் இரண்டு கூட்டணியும் வெவ்வேறு விதமாகத் தோற்கும். கார்போமர் சூரிய ஒளியிலும் இரும்புபோன்ற உலோகத் துளியிலும் உடைந்து இளகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பக்கமே போகக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். உலோகத் துளியைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. கொஞ்சம் உதவும். பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரில் உப்பு இல்லாமல் இருக்கலாம், கிருமி இல்லை என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஹெச்.இ.சி. ஜெல்லில் சார்பேட்டால் மெல்ல மஞ்சள் ஏறும். அதைவிட முக்கியம், உள்ளறையில் வைத்த பாட்டிலும் இளகுகிறதா என்பது. 45 டிகிரியில் மட்டும் இளகினால் வெப்பமும் அமிலமும் சங்கிலியை வெட்டுகின்றன என்று நினைக்கலாம். உள்ளறையிலும் இளகினால் கிருமியைச் சந்தேகியுங்கள். செல்லுலோஸை வெட்டும் நொதியை அவை விட்டுச் செல்லும், கிருமி செத்தபிறகும் நொதி வேலை செய்துகொண்டிருக்கும். குளிர்பெட்டி மாதிரியில் ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் பென்சோயேட்டைக் குறைக்க வேண்டும்.

ஜெல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்கிற பிசுக்குமையை அளக்கும் கருவி விலை அதிகம். அதற்குப் பதில் கண்ணாடித் தகடு முறை இருக்கிறது. வரைபடத்தாளின் மேல் ஒரு கண்ணாடி, அதில் ஒரு கிராம் ஜெல், மேலே இன்னொரு கண்ணாடி, அதன்மேல் ஒரே எடை, ஒரே நேரம். பரவிய வட்டத்தின் குறுக்களவை வாராவாரம் எழுதுங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் அளக்காதீர்கள். சூட்டில் ஹெச்.இ.சி. தானாகவே இளகி நிற்கும், ஆறினால் திரும்பிவிடும். ஒரு நாள் 25 டிகிரியில் வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். பாட்டிலையும் மூடியோடு எடை போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் ஆஸ்மோலாலிட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெளிவாக, மணமாக, பி.ஹெச். மாறாமல் இருந்தாலும், பதப்படுத்தியின் திறனை வெளி ஆய்வகத்தில் சோதிக்காமல் யாருக்கும், உங்களுக்கே கூட, பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ், ஈ.கோலை, கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் ஐந்தையும் வேண்டுமென்றே ஜெல்லில் செலுத்தி 28 நாள் பார்க்கும் சோதனை அது. தொழிலில் செலவு செய்ய வேண்டிய முதல் இடம் இதுதான், லேபிளும் டப்பாவும் பிறகு. உரிமம் விஷயமும் இதோடு சேர்த்து விசாரியுங்கள். அமெரிக்காவில் இத்தகைய ஜெல் மருத்துவக் கருவி வகையில் வருகிறது. இங்கே உங்கள் லேபிளில் நீங்கள் எழுதும் பயனைப் பொறுத்து எந்தப் பிரிவில் சேரும் என்பதை, பெரிய அளவில் மூலப்பொருள் வாங்குவதற்கு முன்பே மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.