அமெரிக்கக் கோடை முகாம்களின் சிஐடி பயிற்சி: பணம் கட்டும் முன்

சிஐடி (CIT) என்றால் பயிற்சி பெறும் கவுன்சிலர், அதாவது முகாமில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கற்றுக்கொள்பவர். பெரும்பாலும் 16, 17 வயது. சம்பளம் கிடையாது. பல முகாம்களில் பெற்றோர்தான் கட்டணம் கட்டுகிறார்கள். அதனால் உண்மையிலேயே கற்றுத்தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். நல்ல முகாமில் முதல் சில நாட்கள் கூடவே இருந்து கவனிக்க வைப்பார்கள். பிறகு ஒரு விளையாட்டை நடத்தக் கொடுத்து, அன்று இரவே மூத்த கவுன்சிலர் உட்கார்ந்து நிறைகுறை சொல்வார். மோசமான இடத்தில் மேசை துடைப்பதிலேயே கோடை போய்விடும்.

முக்கியமாக ஆள் கணக்கைக் கேளுங்கள். அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுப்படி, இரவு தங்கும் 6 முதல் 8 வயதுக் குழந்தைகளில் 6 பேருக்கு ஒரு பணியாளர் வேண்டும். அந்த ஒருவராக சிஐடியைக் காட்டினால் சேர்க்காதீர்கள். நடுராத்திரியில் வீட்டு நினைப்பில் அழும் குழந்தையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் உங்கள் பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளும்.