கொடைக்கானலில் 'லேக் வியூ காட்டேஜ்' தேடுகிறவர்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் படிக்கவும்

லீவுக்குக் கொடைக்கானலில் ரூம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. தூண் பாறை, குணா குகை எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. மதுரை வெயிலிலிருந்து தப்பித்து, காலையில் மெதுவாக எழுந்து, ஏரி ஓரமாக நடந்து, மத்தியானம் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும், அவ்வளவுதான். மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் தரைத்தளம், படிக்கட்டு கூடாது, ஏரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மூன்றையும் எழுத்திலேயே கேட்டேன். "எல்லாம் ஓகே மேடம்" என்று பதில் வந்தது.

இன்ஸ்டாகிராமில் பார்த்த பக்கம் அது. நீல நிற ஜன்னல், வாசலில் சிவப்புப் பூந்தொட்டிகள், பின்னால் ஏரி. மேப் லொக்கேஷனும் அனுப்பினார்கள். ஏரி ரோட்டில்தான் காட்டியது. ஒரு நாளைக்கு 4,500 ரூபாய், பாதிப் பணம் ஜிபேயில் முன்கூட்டியே. பணம் போன பெயர் பக்கத்தின் பெயர் இல்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு "ஓனர் தம்பி அக்கவுண்ட்" என்றார்கள். இ-பாஸுக்கு (வண்டியில் கொடைக்கானல் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) என்று தனியாக 600 ரூபாய் வாங்கினார்கள்.

இந்த இ-பாஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்தது. அரசு இணையதளத்தில் வண்டி எண், போன் நம்பர், தங்கும் தேதி கொடுத்தால் பாஸ் வந்துவிடும். ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸே தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. அந்தச் செய்தியைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் "நாங்க எடுத்துத் தர்றோம்" என்று காசு பிடுங்குகிறார்கள்.

"செக்-இன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். காரணம் அங்கே போனதும் புரிந்தது. லொக்கேஷன் காட்டிய இடத்தில் பூட்டிய கேட். உள்ளேயிருந்து வந்த காவலாளிப் பெரியவர் எங்கள் வண்டியைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். "இது வாடகைக்கு விடுற வீடு இல்லம்மா. போன வாரமும் சென்னையிலேர்ந்து ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோட வந்து நின்னுச்சு." ரோட்டிலிருந்து யாரோ அந்த வீட்டை எடுத்த படம்தான் எங்களுக்கு வந்த படம்.

போன் போட்டால் கூசாமல் பதில் வருகிறது: "அங்க பைப் லைன் வேலை மேடம். அதைவிட சூப்பர் வியூ உள்ள இடம் தர்றோம், பையன் வர்றான்." பைக்கில் வந்த பையன் பின்னாலேயே வில்பட்டி பக்கம் இறங்கினோம். தார் ரோடு முடிந்து மண் பாதை. பனி இறங்கிவிட்டது, பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்கிறது. கீழே சரிவில் தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு மண்ணில் வெட்டிய செங்குத்துப் படிகள், கைப்பிடி இல்லை. அத்தை ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

மீதிப் பணம் முழுதும் கொடுத்தால்தான் சாவி. சீசனில் இருட்டின பிறகு வேறு ரூம் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். செக்-இன் நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதே இதற்காகத்தான். மெத்தையை அழுத்தினால் ஈரம் கையில் ஒட்டியது, சுவர் மூலையெல்லாம் கரும்பூஞ்சை. கீசர் ஓடவில்லை, வெந்நீர் பக்கெட்டுக்கு 50 ரூபாய். அங்கே வேலை பார்த்த அண்ணன் பாவம், தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து அத்தைக்குக் கொடுத்தார். அவருக்கே சம்பளம் பாக்கியாம்.

விடிந்ததும் காலி செய்துவிட்டு, நாயுடுபுரத்தில் நேரில் பார்த்து ஒரு சின்ன வீடு எடுத்தோம். மீதி நாட்கள் நிம்மதியாகப் போயின. ஊர் மேல் எந்தக் குறையும் இல்லை.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பணம் போன உடனே இந்த எண்ணுக்கு அடித்தால் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. சாட், ஜிபே ரசீது, அந்த அறையின் வீடியோ, பூட்டிய கேட்டின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

புக் பண்ணுகிறவர்கள் பகலிலேயே வீடியோ காலில் வாசலிலிருந்து அறைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். மத்தியானத்துக்குள் ஊர் போய்ச் சேருங்கள், பிடிக்காவிட்டால் வேறு இடம் தேட வெளிச்சமாவது இருக்கும்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. படம் மட்டும் அதேதான்: நீல ஜன்னல், சிவப்புப் பூந்தொட்டிகள். கண்ணில் பட்டால் பணம் அனுப்பாதீர்கள், ரிப்போர்ட் அடியுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.