சாஃப்ட்வேரில் பாக்கி ஜீரோ, போர்ட்டலில் நான்கு மாத நிலுவை

பாரிமுனையில் எலெக்ட்ரிக்கல் சாமான் மொத்த வியாபாரம் எனக்கு. ஜிஎஸ்டி கணக்கை ஒருவரிடம் நம்பி விட்டு ஏமாந்திருக்கிறேன். தெருவில் எல்லோரும் அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆடிட்டர் பரீட்சை எதுவும் பாஸ் செய்தவர் இல்லை, வெறும் கணக்கு எழுதுபவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

ஜிஎஸ்டி நம்பர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அப்போதே போர்ட்டலில் தன் மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டுக்கொண்டார். "ஓடிபிக்கு உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்ணே" என்றார். எனக்கும் சௌகரியமாகத்தான் பட்டது.

மாதா மாதம் 18ஆம் தேதி வாக்கில் தொகையைச் சொல்வார். ஜிபேயில் அவருக்கே அனுப்பிவிடுவேன். மறுநாள் வாட்சப்பில் சலான் வரும். கடை கம்ப்யூட்டரில் வரி கட்டியதாக ஒரு என்ட்ரி போட்டு, பாக்கி ஜீரோ என்று காட்டிவிட்டுப் போவார்.

ஸ்ரீபெரும்புதூர் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "அண்ணே, நாலு மாசமா உங்க பில் ஒண்ணுகூட எங்க 2பியில வரல. வரிப் பணத்தைப் பிடிச்சு வெச்சிருக்கோம்." நான் ஜிஎஸ்டிஆர் 1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், போட்டால்தான் என் பில் அவருடைய 2பியில், அதாவது அவர் வாங்கிய பில்களின் போர்ட்டல் பட்டியலில், ஏறும். அது ஏறினால்தான் அவர் வரியைக் கழித்துக்கொள்ள முடியும்.

அந்தச் சலான்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 14 இலக்க சிபின் நம்பர் மட்டும் இருந்தது. சலான் உருவாக்கினாலே அந்த நம்பர் வந்துவிடும், ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. பணம் போய்ச் சேர்ந்தால்தான் 17 இலக்க சின் நம்பர் வரும். சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டினேன் என்று நாம் எழுதினால் அதுவும் கட்டியதாகத்தான் காட்டும், வங்கியைப் போய்க் கேட்டுவிட்டு வராது.

நான்கு மாதத்தில் 1,18,000 ரூபாய் அவரிடம் போயிருக்கிறது. அதை மறுபடி கட்டினேன். கூடவே ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. மாதா மாதம் வரிக் கணக்கு காட்டும் 3பி ரிட்டர்ன் தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய். என் அளவு வியாபாரத்துக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 உச்சவரம்பு என்பதால் அதில் தப்பித்தேன். மொபைல் நம்பரை மாற்ற, ஆதாரங்களோடு எங்கள் சரக வரி அலுவலகத்துக்கு மூன்று நடை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே விவரம் இருப்பதால் அதையாவது மறுக்க முடியாது.

இப்போது வரியை நெட்பேங்கிங்கில் நானே கட்டுகிறேன். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1, 20க்குள் 3பி. இரண்டுக்கும் ஏஆர்என் நம்பர், அதாவது ரிட்டர்ன் போட்டதற்கான ஒப்புகை எண், கைக்கு வந்த பிறகுதான் புது ஆளுக்கு ஃபீஸ். ரிட்டர்ன் போட்டாயிற்றா என்று பார்க்க லாகின்கூட வேண்டாம். ஜிஎஸ்டி போர்ட்டலில் வரிசெலுத்துபவரைத் தேடும் இடத்தில் 33இல் தொடங்கும் உங்கள் ஜிஎஸ்டி நம்பரை அடித்தால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் போட்டது என்று வந்துவிடும். இது தெரியாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த ஆள் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு கடைக்குக் கணக்கு எழுதுகிறார். நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் உடனே நிறுத்திவிட்டார். இன்னொருவர், "எனக்கு ஒழுங்காத்தான் பண்றாருப்பா" என்றார். அவர் பில் புத்தகத்தில் இருந்த நம்பரை என் போனில் அடித்துக் காட்டினேன். அவருக்கும் இரண்டு மாதம் போடவில்லை.