பழைய சாலையையே திரும்பப் போட்டோம்

எங்கள் தொழிற்சாலை வளாகத்தின் உட்சாலை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை முழுக்கப் புதுப்பிக்க வேண்டி வந்தது. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவான பொருளில் போடச் சொல்லிவிட்டு மேலிடம் ஒதுங்கிக்கொண்டது. எதில் போடுவது என்ற தலைவலி எனக்கு. நான்கு வழிகளைப் பார்த்தேன்: பழைய தாரைச் சுரண்டி மறுபடி கலப்பது, டயர் ரப்பர் தூள் சேர்த்த தார், பிளாஸ்டிக் சேர்த்த தார், உலைக்கசடு (இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவு) கலந்த கான்கிரீட். எடுத்தது முதலாவது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஒழுங்காகப் போட்டால் நான்குமே வண்டிகளைத் தாங்கும். அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: எங்கள் சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் ஓடுகின்றன. வருடத்துக்கு இரண்டு முறையாவது எங்கேயாவது தோண்டுவோம். அப்படித் தோண்டிய இடத்தை மூடுவது எவ்வளவு சுலபம், தோண்டி எடுத்தது என்ன ஆகும்?

கான்கிரீட் அங்கேயே அடிபட்டது. அதன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, அரைத்தால் சிமென்ட் ஆகும் கிளிங்கர் கட்டியை ஒரு டன் எடுத்தால் 0.8 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சிமென்ட்டில் பாதியளவு உலைக்கசடு சேர்த்தால் அந்தக் கணக்கு நன்றாகவே இறங்கும். 20 வருடம் தாண்டியும் கிடக்கும். ஆனால் குழாய்க்காக ஒரு கான்கிரீட் பலகையை வெட்டினால், ரம்பம் வைத்து அறுத்து, பக்கத்துப் பலகையோடு கம்பியால் பிணைத்து, வார்த்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு பல நாள் வழியை அடைத்து வைக்க வேண்டும். கசடு சேர்த்த கான்கிரீட் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும் என்பதால் காத்திருப்பு இன்னும் நீளும். தோண்டுகிற வேலையே இல்லாத சாலையென்றால் அதைத்தான் போட்டிருப்பேன்.

ரப்பர் தார் அமெரிக்காவில் சார்ல்ஸ் மெக்டொனால்ட் 1960களில் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஆரம்பித்து வைத்தது. விரிசல் தாமதமாக வரும், டயர் சத்தமும் குறையும். ஆனால் தாரின் எடையில் 15 முதல் 20 சதவீதம் தூளைப் போட்டு, 175 டிகிரிக்கு மேல் சூட்டில் முக்கால் மணி நேரமாவது கலக்கி ஊறவைக்க வேண்டும். அதற்குத் தனித் தொட்டி வேண்டும். கலக்குவதை நிறுத்தினால் தூள் அடியில் தங்கிவிடும். 2 கிலோமீட்டருக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது. நெடுஞ்சாலைக்குப் போடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு இதை ஒதுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் முறைக்கு வழி காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். சூடான ஜல்லியின் மேல் துண்டு பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார். எளிமையான யோசனை, தண்ணீர் ஜல்லியையும் தாரையும் பிரிப்பதும் குறைகிறது. நான் தயங்கியது மூட்டைக்குள் என்ன வருகிறது என்பதில். குளோரின் உள்ள பிவிசி பிளாஸ்டிக் கலந்துவிட்டால் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்க்க என்னிடம் ஆள் இல்லை. அடிக்கடி வெட்டுகிற சாலையில் நுண்துகள் உதிருமே என்ற கவலையும் இருந்தது; அதை நான் அளந்து பார்த்ததில்லை.

சரி, பழைய தாருக்கு வருவோம். சாலைக் கலவையின் எடையில் தார் ஏறக்குறைய 5 சதவீதம்தான், மீதியெல்லாம் கல். அதாவது சுரண்டி எடுத்த 100 டன்னில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய 95 டன் ஜல்லியும் 5 டன் தாரும் இருக்கின்றன. அந்தத் தார் காற்றில் வருடக்கணக்கில் இறுகியிருக்கும் என்பதுதான் சிக்கல். புதுக் கலவையில் பழையதை 15 சதவீதம் வரை கலந்தால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் புதுத் தாரை ஒரு படி இளக்கமான ரகமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் இளக்கும் எண்ணெய் சேர்க்க வேண்டும். நாங்கள் அடி அடுக்கில் 30 சதவீதம், மேல் அடுக்கில் 15 சதவீதம் வைத்தோம்.

இதில் எல்லோரும் தாரைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் சுரண்டிய துண்டுகளின் குவியலைப் பற்றிப் பேசுங்கள். பழைய துண்டை நேரடியாகச் சுடரில் காட்ட முடியாது, தார் கருகிப் புகையும். புதுக் கல்லை அளவுக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் பழையதை இளக்குவார்கள். குவியல் நனைந்திருந்தால் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. ஒப்பந்ததாரர் முதல் வாரம் குவியலைத் திறந்தவெளியில் போட்டிருந்தார், இரவு மழை. மறுநாள் வந்த கலவை விறைப்பாக இருந்தது, ரோலர் ஓட்டியும் சரியாக இறுகவில்லை. அந்த 80 மீட்டரில் ஆறே மாதத்தில் ஓரத்து ஜல்லி பெயர ஆரம்பித்தது. அதற்கப்புறம் குவியலுக்குத் தகரக் கூரை போட்டு, சல்லடையில் அளவு பிரித்துப் பொடியையும் கல்லையும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். மற்ற இடங்களில் இதுவரை ஜல்லி பெயரவில்லை.

லாரித் தடம் அமுங்கிப் பள்ளமாவதும் இல்லை. இறுகிய பழைய தார் சேர்ந்த விறைப்பான கலவை எளிதில் அமுங்காது. அதே விறைப்பால் விரிசல் வருமா என்பதுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது. மூன்று மழைக்காலம் பார்த்த சாலையை வைத்து பத்து வருடக் கதை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் குழாய்க்காக ஓர் இடத்தில் வெட்டினோம். காலையில் புதுக் கலவை கொண்டுவந்த லாரி, வெட்டி எடுத்த துண்டுகளை ஏற்றிக்கொண்டு தார்க்கலவை ஆலைக்கே திரும்பியது. சாயந்திரம் அந்த இடத்தில் வண்டி ஓடியது. அந்த 80 மீட்டரையும் அடுத்த கோடையில் சுரண்டி, அதே கூரைக்கு அடியில்தான் கொட்டப்போகிறோம்.