செயின் மாற்றிய பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது: மின்சார சைக்கிளில் 9,400 கிலோமீட்டர்

வண்டி வாங்கியது 2021 கடைசியில். பின் சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, முன்னால் 44 பல் ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் ஏழு கியர் ஃப்ரீவீல் (பின் சக்கரத்தில் மரையில் ஏறும் பல்சக்கரக் கொத்து). 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் மோட்டார் கையை விட்டுவிடும். அதனால் நம்பர் பிளேட்டும் கிடையாது, லைசென்ஸும் கேட்பதில்லை. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இந்த விலையில் எதை வாங்கினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதே சாமான்கள்தான்.

கோயம்புத்தூரில் வீடு வடவள்ளி, வேலை காந்திபுரம் பக்கம். போக வர சுமார் 20 கி.மீ., வாரத்தில் மூன்று நாள் சைக்கிள். காலையில் சுகமாக இருக்கும். ஆனி, ஆடியில் சாயங்காலம் வீடு திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக நெஞ்சில் மோதும். மோட்டாருக்குக் கொடுத்த காசு வசூலாவது அந்த இரண்டு மாதத்தில்தான்.

பேட்டரி, மோட்டார், டிஸ்பிளே பற்றியெல்லாம் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். செயினும் ஃப்ரீவீலும் தேய்ந்து, அவற்றை மாற்றப்போய் ஒன்றன்பின் ஒன்றாக நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

5,800 கி.மீ. வரை செயினை நான் கண்டுகொண்டதே இல்லை. எப்போதாவது தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு, அவ்வளவுதான். ‘ஹப் மோட்டார் வண்டி, மோட்டாரின் பலம் நேரே சக்கரத்துக்குப் போகிறது, செயின் வழியாக வருவது என் கால் பலம் மட்டும்தானே’ என்று ஒரு சமாதானம். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கிலேயே மோட்டார் உள்ள மிட் டிரைவ் வண்டிகளில்தான் மோட்டாரின் இழுவையும் செயின் மேல் விழும். அங்கே செயின் சீக்கிரம் தேயும். அந்த வரைக்கும் என் கணக்கு சரி. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மோட்டார் உதவிக்கு இருப்பதால் நான் கியரே மாற்றுவதில்லை. சிக்னலில் கிளம்புவதும் ஏழில், லாலி ரோட்டில் காற்றை எதிர்த்துப் போவதும் ஏழில். 44-க்கு 14 பல், 26 அங்குலச் சக்கரம். ஒரு மிதிக்கு ஆறரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 23 கி.மீ. வேகம். காலுக்கு அது தோதாக இருக்கவே, மூன்று வருடத்தின் முக்கால்வாசி பாரம் அந்தப் பதினான்கு பல்லின் தலையில் இறங்கியிருக்கிறது.

தேய்மானம் தெரிந்தது தற்செயலாகத்தான். செயினைத் துடைக்கும்போது முன் பல்சக்கரத்தின் முன்பக்கம் செயினை விரலால் பிடித்து இழுத்தேன். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தது. ஸ்டீல் டேப் எடுத்து அளந்தேன். செயினில் ஒரு பின்னிலிருந்து (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) அடுத்த பின் வரை அரை அங்குலம். அப்படி 24 இடைவெளி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். டேப்பின் முனைக் கொக்கி ஆடும் என்பதால் 1 அங்குலக் கோட்டில் தொடங்கி 13-ல் பார்க்க வேண்டும். என் செயினில் 13-ஐத் தாண்டி இன்னொரு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் போயிருந்தது. 12 அங்குலத்துக்கு அரைக்கால் என்றால் சுமார் ஒரு சதவீதம். அதில் பாதி, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டபோதே மாற்றியிருக்க வேண்டிய செயின் அது.

வழக்கமாகப் போகும் சைக்கிள் கடையில் விட்டேன். நாற்பது வருடத் தொழில்காரர். கோட்டம் எடுப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அரைமணி நேரத்தில் புதுச் செயின் ஏறிவிட்டது.

மறுநாள் காலை, வேளாண் பல்கலைக்கழகம் தாண்டி சிக்னலில் நின்று கிளம்புகிறேன். எழுந்து நின்று ஒரு அழுத்து. டக்கென்று பெடல் வெறுமையாகக் கீழே போனது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டியது நியாயம்தான். அடுத்த நூறு மீட்டரில் மூன்று தடவை அதே டக். நேராகக் கடைக்கே போனேன்.

“புதுச் செயினுங்க. ஓட ஓட செட் ஆயிரும்” என்றார்.

“முழங்கால் செட் ஆகாதுங்கண்ணா.”

சிரித்துக்கொண்டே கியர் கேபிளை இழுத்துக் கட்டி, டிரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் டீரெயிலர்) திருகாணிகளைத் திருகிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கியர் சரியாக உட்காராததால் வரும் குதிப்பு வேறு, பல் தேய்ந்து வரும் குதிப்பு வேறு. முதல் வகையில் செயின் பக்கத்துக் கியருக்கு ஏற முயன்று கரகரக்கும். காலில் பாரம் இல்லாவிட்டாலும் சத்தம் கேட்கும். இரண்டாவது வகை மெதுவாக மிதித்தால் சத்தமே போடாது. அழுத்தினால் மட்டும் வழுக்கும், அதுவும் நாம் அதிகம் ஓட்டிய கியரில் மட்டும். நான்காவது கியருக்குப் போய் அழுத்தினேன், கல் போல நின்றது. ஏழில் டக். விடை அங்கேயே கிடைத்துவிட்டது. நீண்டுபோன பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல், அந்த நீளத்துக்கே பழகிவிட்டது. சரியான அளவில் வரும் புதுச் செயின் அந்தப் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் ஏறித் தாண்டுகிறது. ஓட ஓட இது செட் ஆகாது. புதுச் செயினும் சேர்ந்து கெட்டுப்போகும்.

ஆக ஃப்ரீவீலும் மாற்ற வேண்டும். சாதா சைக்கிளில் பத்து நிமிட வேலை. இதில் இரண்டு வாரம் ஆனது. காரணம் அந்த ஃப்ரீவீல் கழற்றும் டூல்தான். பல் வைத்த குழாய் மாதிரி இருக்கும், ஃப்ரீவீலுக்குள் போய்க் கவ்வும். ஹப் மோட்டாரின் ஆக்ஸில் 12 மி.மீ. கனம், கடையில் இருந்த டூலின் ஓட்டை அதைவிடச் சிறியது. உள்ளே போகவே இல்லை. வேறு இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர் உளியை வைத்துத் தட்டிக் கழற்றித் தருகிறேன் என்றார். மோட்டார் கவர் அலுமினியம், உளி வழுக்கினால் அதோடு போச்சு. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு சௌகரியம், எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு லேத் இருக்கும். கணபதி ஏரியாவில் பம்ப் ஷாஃப்ட் கடைந்து தரும் ஒரு பட்டறையில் டூலைக் கொடுத்தேன். டெம்பர் ஏற்றிய இரும்பு என்று சலித்துக்கொண்டார். சாதா பிட் மசியவில்லை, கார்பைடு பிட் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கித் தந்தார். அறுபது ரூபாய்.

அடுத்து, மூன்று வருடம் மிதித்து மிதித்து இறுகிய மரையைத் திறக்க வேண்டும். ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினாலும் அசையாது. டூலை ஃப்ரீவீலில் செருகி, வழுக்காமல் இருக்க ஆக்ஸில் நட்டை மேலே லேசாகப் போட்டு, டூலின் அறுகோணத்தை வைஸில் (பட்டறைப் பிடிகருவி) பிடித்துச் சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் இடப்பக்கம் திருப்பினால் ‘கட்’டென்று விடும். விட்டவுடன் அந்த நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மேலே கழற்ற வேண்டும். மறந்தால் டூலின் பல் உடையும். புது ஃப்ரீவீல் ஏற்றுமுன் மரையில் கிரீஸ் தடவினோம். பழையதில் தடவியிருக்கவே இல்லை.

ஏழில் குதிப்பு அன்றோடு தீர்ந்தது. இனி நிம்மதி என்று வீட்டுக்குக் கிளம்பினால் புதுக் கூத்து. சிக்னலில் புறப்படும்போது வண்டி உதறுகிறது. கொர கொரவென்று ஒரு சத்தம், பெடலில் அதிர்வு. மறுபடி செயின்தான் என்று பயந்துபோய் அரைமணி நேரம் டிரெய்லரைக் குடைந்துகொண்டிருந்தேன். பிறகு உறைத்தது: அசிஸ்ட்டை (மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியை) பூஜ்யத்தில் வைத்து மிதித்துப் பார்த்தால் என்ன? வைத்தேன், வெண்ணெய் போல ஓடியது. த்ராட்டிலை மட்டும் முறுக்கினேன், காலே படாமல் உதறல்.

இந்த ஒரு சோதனையைத்தான் இப்போது யார் வந்து கேட்டாலும் முதலில் செய்யச் சொல்கிறேன். மோட்டாரை நிறுத்திவிட்டு மிதி. குறை அப்படியே இருந்தால் செயின், ஃப்ரீவீல், டிரெய்லர், பி.பி. (கிராங்க் அச்சைத் தாங்கும் பேரிங்) பக்கம் தேடு. குறை மறைந்தால் அந்தப் பக்கம் கையே வைக்காதே. இந்த வண்டியை இரண்டு பேர் தள்ளுகிறார்கள், காலும் மோட்டாரும். யார் தள்ளும்போது இடறுகிறது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் நல்லா இருப்பதையும் கெடுத்து வைப்போம். அன்றைக்கு நான் செய்தது அதைத்தான். டிரெய்லரை மறுபடி செட் பண்ண இன்னொரு மணி நேரம் ஆனது.

உதறலுக்குக் காரணம் மோட்டார் கேபிளின் கனெக்டர். சக்கரத்தைக் கழற்ற அதைப் பிரித்தோம் அல்லவா, திரும்பச் செருகும்போது முழுதாக உள்ளே போகவில்லை. ஒன்பது பின்; மூன்று தடித்தவை மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோக, மீதியில் ஐந்து ஹால் சென்சாருக்கு. சென்சார் சிக்னல் விட்டு விட்டு வந்தால் சுழலும் மோட்டார் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதை இயக்கும் கன்ட்ரோலருக்குத் தெரியாது, தடுமாறும். அம்புக்குறி இரண்டையும் நேர் வைத்து, திருகாமல், ஓரத்துக் கோடு மறையும்வரை நேராக அழுத்த வேண்டும். செய்தேன், சரியாகிவிட்டது.

சக்கரம் கழற்றுகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் நட்டுக்கு அடியில் கொக்கி வைத்த வாஷர் ஒன்று இருக்கும். அந்தக் கொக்கி ஃபிரேமின் வெட்டுக்குள் உட்கார வேண்டும். சக்கரம் முன்னால் சுற்றும்போது ஆக்ஸில் பின்னால் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இதுதான். தலைகீழாகப் போட்டு, நட்டும் லூசாக இருந்தால் ஆக்ஸில் உருண்டு கேபிளை முறுக்கி அறுத்துவிடும். பிறகு மோட்டார் செலவு.

புது ஃப்ரீவீலில் கடைசிக் கியர் ஃபிரேமுக்கு ஒரு நூல் நெருக்கமாக வந்து செயின் லேசாக உரசியது. வலப்பக்கம் ஒரு மெல்லிய வாஷர் கூடுதலாகப் போட்டதும் போய்விட்டது.

அடுத்தது டிக் சத்தம். பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அசிஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே தாளத்தில் டிக். அமைதியான ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிறுவாணி ரோட்டில் எண்ணிக்கொண்டே போனேன். பெடல் ஐந்து சுற்று சுற்றினால் இரண்டு டிக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று என்றால் பெடல் அல்லது கிராங்க். இது இரண்டரைச் சுற்றுக்கு ஒன்று. என் செயினில் 110 கண்ணி, முன்னால் 44 பல். 110-ஐ 44-ஆல் வகுத்தால் இரண்டரை. செயின் முழுதாக ஒரு வட்டம் வரும்போது ஒரு டிக். அதாவது ஒரே ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னால் மெதுவாகச் சுற்றி டிரெய்லரின் சின்னச் சக்கரத்தைக் கவனித்தேன். ஒரு கண்ணி மட்டும் வளையாமல் முட்டி மடக்கிய மாதிரி தூக்கிக்கொண்டு வந்தது. கடையில் பின் அடித்துச் சேர்த்த இடம். கட்டைவிரல் இரண்டையும் வைத்துப் பக்கவாட்டில் லேசாக ஒடிப்பது போல அசைத்ததும் இளகிவிட்டது. அந்தக் கணக்கு சரியாக வந்ததில் கிடைத்த சந்தோஷம், வண்டி வாங்கிய அன்றுகூட இல்லை.

அப்புறம் ஒரு வருடம் பிரச்சினை இல்லை. 7,600-ல் பி.பி. ஆட்டம் கொடுத்தது, மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. வேறொரு கடையில் மாற்றினேன். வண்டியை எடுத்து மிதித்தால் மோட்டார் வரவில்லை. கடைக்காரர் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பெடலைப் பின்பக்கம் சுற்றினேன், எதற்கென்று தெரியவில்லை, பழக்கதோஷம். வண்டி விருட்டென்று என்னை இழுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. வாசலில் இருந்த, டியூப் முக்கிப் பார்க்கும் தொட்டியில் முன் சக்கரம். கிராங்க்குக்குப் பின்னால் காந்தம் பதித்த ஒரு வளையம் உண்டு, என் வண்டியில் பன்னிரண்டு காந்தம். அது சுற்றுவதைப் பார்த்துத்தான் ‘மிதிக்கிறான்’ என்று கன்ட்ரோலர் புரிந்துகொள்ளும். அதைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். முன்னால் மிதித்தால் பின்னால் மிதிப்பதாகவும், பின்னால் சுற்றினால் முன்னால் மிதிப்பதாகவும் கணக்கு. சரியான பக்கம் திருப்பி, சென்சாரில் உரசாத மாதிரி இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டு மாட்டியதும் ஒழுங்காகிவிட்டது.

செலவு: செயின் 450, ஃப்ரீவீல் 750, லேத் 60, பி.பி. கூலியோடு 600. செயினை ஒன்றரை மில்லிமீட்டரிலேயே மாற்றியிருந்தால் அந்த 750-ம் 60-ம் மிச்சம், முழங்காலும் தப்பியிருக்கும்.

இப்போது 9,400. சிக்னலில் நிற்கும் முன் நான்குக்கு இறக்கிவிடுகிறேன், காற்றில் ஐந்து. மாதம் ஒரு தடவை செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மேல் எண்ணெயைத் துணியால் வழித்தெடுக்கிறேன். போன வாரம் டேப் வைத்துப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. அடுத்த செயின் வாங்கி அலமாரியில் தயாராக இருக்கிறது. டூல்தான் கையில் இல்லை. “கண்ணு, அந்த ஓட்டை பெருசு பண்ண டூலைக் கொஞ்சம் குடு, இன்னொரு மோட்டார் வண்டி வந்திருக்குது” என்று பழைய கடை அண்ணன் வாங்கிப் போய் நான்கு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் இன்னொரு வண்டி வந்திருக்கிறது.